நூற்றுப்பத்து மிச்சம்

காற்றின் விலை பதினைந்து வெள்ளி. ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் சந்தில், என் கடையில், ஒரு சிலிண்டர் நிறைய. பத்துக்குக் கேட்பவர்களும் உண்டு. "வெளிய நின்னு எவ்ளோ வேணும்னாலும் இழுத்துக்குங்க, அது ஃப்ரீ," என்று வாசலைக் காட்டுவேன்.

கடலடிக்குப் போய் மீனும் பவளமும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு இறங்கும் காற்று அது. அடைக்கும் இயந்திரம் கடைக்குள் உறுமும். அது காற்றை இழுக்கும் குழாய் மட்டும் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே வைத்தால் எதிர்க்கடை நாசி கண்டார் சோற்றின் கறி வாசனை மொத்தமும் சிலிண்டருக்குள் போய்விடும். மேலே வைத்தும் போகிறது என்பான் யுகேந்திரன்.

"அண்ணே, நேத்து பதினஞ்சு மீட்டர்ல மீன் கறி வாசன. சுத்தி இருந்த மீனெல்லாம் பயந்து ஓடிருச்சு லா."

யுகேந்திரன் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். முப்பத்தெட்டு வயது. போன வருஷம் மார்ச் மாதம், என்னோடு இறங்கிய இடத்தில் செத்துப்போனான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் கடையில் தொங்கிய கரும்பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் அப்பா லெபோ பாசார் தெருவில் சூட்கேஸ் விற்றவர். இந்தப் பக்கம் மரைக்காயரின் மணிக்கடை, அந்தப் பக்கம் நோட்டு மாற்றும் குஜராத்தி. பேரம் பேசாத வாடிக்கையாளரைக் கண்டால் மூன்று பேருக்குமே மனசு சரியில்லாமல் போகும். அந்த நடைபாதையில் வளர்ந்தவன் கடலுக்கு அடியில் போனால் மட்டும் மாறிவிடுவானா? முதல் தடவை இறங்கியபோதே நான் பார்த்தது மீனை இல்லை, அளவுமானியின் முள்ளை. நிறைந்த சிலிண்டரில் இருநூறு காட்டும். மூச்சு விட விட இறங்கும். பதினைந்து வெள்ளி கொடுத்து வாங்கியது கண்ணெதிரே குமிழி குமிழியாகப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதனால் ஒரு பந்தயம் ஆரம்பித்தேன். படகில் திரும்பும்போது எல்லோரும் முள்ளைக் காட்ட வேண்டும். யாரிடம் மிச்சம் அதிகமோ அவன் அன்றைக்குத் தவுக்கே, முதலாளி. அவன் பெயரும் எண்ணும் கடைப் பலகையில் ஏறும். யாரிடம் மிச்சம் குறைவோ அவன் எல்லோருக்கும் நாசி கண்டார் வாங்கித் தர வேண்டும். நாலு வருஷம் நடந்தது. என் பெயர்தான் பெரும்பாலும் உச்சியில்: பேட்ரிக், நூற்றைந்து.

எப்படி என்று யுகேந்திரன் விடாமல் கேட்டான். தொழில் ரகசியத்தை உடனே சொல்லக்கூடாது, மூன்று டீ வாங்க வைத்த பிறகு சொன்னேன். "உள்ள இழுத்தத உடனே விட்றாத. நாலு எண்ணு. அப்புறம் விடு. ஒரு மூச்சுல ரெண்டு மூச்சு லாபம்."

எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் 'செய்யாதே' என்று போட்டிருக்கும் காரியம் அது. எனக்குத் தெரியும். மாணவர்களுக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் எனக்கு அதுவரை தலைவலியைத் தவிர ஒன்றும் வந்ததில்லை. தலைவலிக்கு மாத்திரை இருபது காசு.

ஜார்ஜ்டவுனைச் சுற்றிய கடல் தே தாரே, ஆற்றிய பால் டீயின் நிறம்; இறங்கினால் சொந்தக் கை தெரியாது. முக்குளிக்க நாங்கள் போவது புலாவ் பாயார் தீவுக்கு, வேகப்படகில் வடக்கே இரண்டு மணி நேரம். மார்ச்சில் அங்கே தண்ணீர் கண்ணாடி. அன்றைக்குப் படகிலிருந்தே அடிமணலில் எங்கள் நிழல் தெரிந்தது. இறங்கும்போது யுகேந்திரன் அளவுமானியைத் தட்டிக் காட்டி, "இன்னிக்கு ஒங்க பேர அழிக்கிறேன்," என்றான்.

பதினான்கு மீட்டரில், பவளச் சுவரை ஒட்டி, நான் ஒரு களவா மீனின் பின்னால் பத்து கால்வீச்சு போயிருப்பேன். திரும்பியபோது அவன் மணலில் முழங்காலிட்டுக் குனிந்திருந்தான். சிப்பி எதையோ பார்க்கிறான் என்று நினைத்தேன். கிட்டே போனேன். மூச்சுக்குழாய் வாயில் இல்லை, பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே வெயில் தண்ணீருக்குள் இறங்கி அவன் முதுகில் வலை வலையாக ஆடியது. தூக்கிக்கொண்டு ஏறினேன். படகில் ஷாருலும் நானும் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம். ஷாருல் அந்தப் படகுக்குச் சொந்தக்காரன். இருபது வருஷம் கடலில் இருப்பவன். அவன்தான் முதலில் கையை எடுத்தான்.

யுகேந்திரனின் அளவுமானியில் நூற்றுப்பத்து மிச்சம் இருந்தது.

அறிக்கையில் நீரில் மூழ்கியதால் மரணம் என்று எழுதினார்கள். இதயமாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். அதிகாரிகள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பந்தயத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அன்றிரவே பலகையைக் கழற்றிவிட்டேன். காற்றில் கலப்படம் இருக்கிறதா என்று சோதிக்க எடுத்துப்போன அவன் சிலிண்டர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. காற்று சுத்தம். இரண்டு அளவு குறைந்திருந்தது. நூற்றெட்டு. வாயில் டேப் ஒட்டி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன்.

ஜனவரியில் அவன் மனைவி சாந்தினி கடைக்கு வந்தாள். இழவு வீட்டுக்கு அப்புறம் அவளை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளும் பத்து காவானில், வேறு தொழிற்சாலையில், தரச் சோதனைப் பிரிவில் வேலை. குறையுள்ள பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பதுபோல் எதையும் ஒரு கணம் திருப்பிப் பார்க்கிற பார்வை.

"அண்ணே, எனக்கு முங்கக் கத்துக்குடுங்க. மார்ச்ல அவருக்கு ஒரு வருஷம். அந்த எடத்த பாக்கணும்."

"படம் இருக்கும்மா, காட்டறேன். எதுக்கு ரிஸ்க்?"

"படம் அவரே ஆயிரம் எடுத்து வச்சிருக்காரு. எவ்ளோ வாங்குவீங்க கிளாஸுக்கு?"

"ஒன்கிட்ட வாங்குவேனா?"

"சும்மா குடுத்தா வேணாம். அவரு சொல்வாரு, பேட்ரிக் அண்ணன் சும்மா குடுத்தா மட்டும் எதையும் வாங்காதேன்னு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பத்து மாதத்தில் அந்தக் கடையில் யாரும் அவனைப் பற்றிச் சிரித்துப் பேசியதில்லை. அப்புறம் படிக்குக் கீழே இருந்த சிலிண்டரைப் பார்த்துவிட்டாள். அதில் அவன் கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தது.

"இதுல இன்னும் காத்து இருக்காண்ணே?"

"இருக்கு."

"பாதிக்கு மேல?"

"பாதிக்கு மேல."

அவள் குந்தி உட்கார்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். "எனக்கு இது போதும்ணே. காத்து தீர்ந்துபோயி தவிச்சிருப்பாரோன்னுதான் மொத நாள்லேர்ந்து பயம். பாதிக்கு மேல இருந்துச்சுன்னு போலீஸ் சொன்னப்போதான் தூங்கவே ஆரம்பிச்சேன். நெஞ்சு நின்னுருக்கும். தெரிஞ்சிருக்காது அவருக்கு. இல்லண்ணே?"

இங்கேதான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் சொன்னால் அவள் தூக்கம் போகும், அப்புறம் என் முகத்தில் அவள் விழிக்கவும் மாட்டாள். சொல்லாவிட்டால் இருவருக்கும் எல்லாம் அப்படியே இருக்கும். வியாபாரி மூளை ஒரு நொடியில் போட்டுப் பார்த்துவிட்டது.

"ஆமாம்மா," என்றேன்.

"இந்தக் காத்த நான் இழுத்துக்கிட்டு எறங்க முடியுமா?"

"ஒரு வருஷப் பழசு. நம்ப முடியாது. புதுசா அடிச்சுத் தரேன்."

தலையாட்டினாள். முகம் வாடிவிட்டது.

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஒரு ஹோட்டல் நீச்சல்குளத்தில் ஞாயிறு காலைகளில் பாடம். நல்ல மாணவி. முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்றினாள். சைகைகளை ஒரே தடவையில் மனப்பாடம் செய்தாள். முதல் நாளே சொன்னேன்: "ஒரே ஒரு சட்டம்தான். மூச்ச நிறுத்தவே கூடாது. இழு, விடு, இழு, விடு." சரி என்றாள்.

மூன்றாவது ஞாயிறு, குளத்தின் ஆழமான பக்கத்தில் இருவரும் எதிரெதிரே முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். சும்மா உட்கார்ந்து மூச்சு விட வேண்டும், அதுதான் பயிற்சி. பத்து நிமிஷம் கழித்து அவள் முள்ளைப் பார்த்தேன். அசையவே இல்லை போலிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் மனசில் முதலில் வந்தது பெருமை. என்ன சிக்கனம் என்று நினைத்தேன்.

பிறகுதான் குமிழிகளைக் கவனித்தேன். என்னுடையவை வரிசையாக ஏறின. அவளுடையவை ஒரு கொத்து ஏறும், அப்புறம் ஒன்றுமே இல்லை. கண்ணை மூடியிருந்தாள். தொடைமேல் இருந்த வலது கையில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. அப்புறம் ஒரு கொத்துக் குமிழி.

யுகேந்திரன் அப்படித்தான் எண்ணுவான். அதே கை.

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். வெளியே விடு, விடு என்று கையால் காட்டி, அவள் விடுவதைப் பார்த்துக்கொண்டே மேலே கொண்டுவந்தேன். விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினாள். முகத்தில் குறும்பு.

"என்னண்ணே, தோத்துப்போவோம்னு பயமா? எனக்கும் ஒங்க சீக்ரெட் தெரியும் லா. நாலு எண்ணணும். ராத்திரி படுக்கையிலயே ப்ராக்டிஸ் பண்ணுவாரு, என்னையும் எண்ணச் சொல்வாரு. நான் கோவிச்சுக்குவேன், மனுஷன் மூச்சு நின்னு நின்னு வந்தா பக்கத்துல எப்படித் தூங்கறதுன்னு."

"தல வலிக்குதா?"

"லேசா. ஏன்?"

"சாந்தினி, அத விட்ரு. இனிமே செய்யாத."

"ஏன்? நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க அவருக்கு."

மேலே நாற்காலிகளில் வெள்ளைக்காரர்கள் எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தார்கள். ஒரு குழந்தை மிதவையைப் பிடித்துக்கொண்டு கத்தியது. பொய் ஒன்று தயாராக நாக்கு நுனிக்கு வந்தது: புதுசா கத்துக்கறவங்க செய்யக்கூடாது, அவ்ளோதான். அதைச் சொன்னால் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆனால் பதினான்கு மீட்டரில், அவன் கிடந்த இடத்தில், அவனை நினைத்துக்கொண்டு, அவன் எண்ணியபடியே ஒரு தடவை எண்ணிப் பார்ப்பாள். எனக்கு அது தெரிந்தது.

"அதனாலதான் செத்தான்," என்றேன்.

குளத்தை விட்டு ஏறி, விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எங்க ஃபேக்டரில ஒரு பீஸ் கெட்டுப்போச்சுன்னா அஞ்சு தடவ ஏன்னு கேக்கணும்," என்றாள். "மொத பதில்ல நிறுத்தக் கூடாது. காத்துதான் இருந்துச்சே, ஏன் செத்தாரு?"

"உள்ள இருக்கற கெட்ட காத்து வெளிய போகல. அது சேந்தா தல சுத்தும், புத்தி மங்கும், மயக்கம் வரும். மயங்கினதும் வாய்லேர்ந்து குழா விழுந்துரும். நிச்சயமா அதுதான்னு யாராலயும் எழுதிக்குடுக்க முடியாதும்மா. ஆனா எனக்குத் தெரியும்."

"ஏன் வெளிய விடல?"

"மிச்சம் புடிக்க."

"ஏன் மிச்சம் புடிக்கணும்? பதினஞ்சு வெள்ளிதான?"

"பலகைல பேரு வரணும்னு."

"பலகைய ஏன் மாட்டுனீங்க?"

பதில் வைத்திருந்தேன். சூட்கேஸ் கடை, குஜராத்தி, மரைக்காயர் என்று கேட்பவர்கள் சிரிக்கிற மாதிரி பல தடவை சொன்ன கதை. அது வாயில் வரவில்லை. "வெளையாட்டுக்கு," என்றேன்.

நாலு ஏன் ஆகியிருந்தது. ஐந்தாவதை எழுந்து நின்று கேட்டாள்.

"ஏன் பத்து மாசமா சொல்லல?"

"பயம்."

துண்டை எடுத்துக்கொண்டாள். "தவிச்சிருப்பாரா?"

"இல்லம்மா. தூக்கம் வர்ற மாதிரிதான் வரும்."

"இத நம்பலாமா?"

நம்பலாம் என்றேன். அது உண்மைதான். ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. ஈரத் தலையோடு காடியில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் ஞாயிறு காலைகளில் நான் மட்டும் அந்தக் குளத்துக்குப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். மார்ச் முதல் வாரம் சாந்தினியிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: 'பன்னிரண்டாம் தேதி போட் இருக்கா. தோங்கைக் கொண்டு வாங்க.' எங்கள் ஊரில் கேஸ் சிலிண்டருக்குத் தோங் என்று பெயர். யுகேந்திரன் இதையும் அப்படித்தான் சொல்வான். அந்த வரியில் அண்ணே இல்லை.

படகில் நாலு பேர். ஷாருல், அவனுடைய படகோட்டி, அவள், நான். அவள் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நெகிழிப்பை. பாயார் தெரிந்ததும் எழுந்து வந்தாள்.

"நான் ஒங்களோட கீழ வரல," என்றாள். "மேலேர்ந்து பாத்துக்கறேன். நீங்க போயி அந்த எடத்துல இதத் தெறந்து விடுங்க. அவரு புடிச்சு வச்ச மிச்சம் ஒங்க படிக்கட்டுக்குக் கீழ இருக்க வேணாம்."

ஷாருல் என்னைப் பார்த்தான். மலாயில், "நானும் கூட வருகிறேன்," என்று மட்டும் சொன்னான்.

தண்ணீர் போன வருஷம் போலவே கண்ணாடி. வெட்கமில்லாத வெளிச்சம். மஞ்சள் கோடு போட்ட மீன்கள் படகின் அடியில் ரொட்டிக்குக் காத்திருந்தன. அவள் மிதவைச் சட்டை மாட்டி, படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி போட்ட முகத்தைத் தண்ணீரில் வைத்துக் கவிழ்ந்து மிதந்தாள். நான் என் சிலிண்டர் முதுகில், அவன் சிலிண்டர் மார்போடு கட்டியபடி, ஷாருலோடு இறங்கினேன்.

இடம் மறக்கவில்லை. பவளச் சுவர் கொஞ்சம் உள்வாங்கும் மூலை. மணலில் எந்தத் தடமும் இல்லை. ஒரு கடல்வெள்ளரி கிடந்தது. சிலிண்டரை நிற்க வைத்து, ஷாருல் அடியைப் பிடித்துக்கொள்ள, வாயைத் திருகி, மூச்சுக்குழாயின் பித்தானை அழுத்தினேன்.

காற்று வெடித்துக்கொண்டு கிளம்பியது. கீழே கைப்பிடியளவு குமிழி, ஏற ஏறத் தட்டளவாக விரிந்து, ஓரம் மினுங்கி, உடைந்து, வெள்ளி வெள்ளியாக மேலே போனது. தலை தூக்கிப் பார்த்தேன். பதினான்கு மீட்டர் உயரத்தில் அவள் கறுப்பு நிழலாக, கைகளை விரித்து மிதந்தாள். குமிழிகள் நேராக அவளிடம் போயின. கயிற்றை விட்டுவிட்டாள். அவற்றுக்கு நடுவில் போய் நின்றாள். நான் பித்தானை விடவில்லை. கட்டைவிரல் மரத்துப்போனது. நூறு, எண்பது, ஐம்பது. வாழ்க்கையில் முதல் தடவையாக முள் இறங்குவதைப் பார்த்து எனக்கு வலிக்கவில்லை. கடைசிப் பத்துக்கு வந்தபோதுதான் வலித்தது. குமிழிகள் சின்னதாயின. ஒன்று ஒன்றாயின. பிறகு நின்றன.

நான் எண்ணாமல் மூச்சு விட்டுக்கொண்டு ஏறினேன்.

படகில் அவள் முடியிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று கடல் தண்ணீரில் எப்படித் தெரியும்.

"கறி வாசன வரும்னு சொல்வாரு," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "மூஞ்சிகிட்டதான் ஒடஞ்சுது எல்லாம். ஒன்னும் வரல."

நெகிழிப்பையிலிருந்து அவன் லாக் புக்கை எடுத்தாள். ஒவ்வொரு முறை இறங்கி ஏறியதும் தேதி, இடம், ஆழம், காற்று எல்லாம் எழுதி, கூட இறங்கியவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாவிட்டால் அந்த முறை கணக்கில் சேராது. அறுபது பக்கம் நிறைந்திருந்தது. நாற்பதுக்கு மேல் என் கையெழுத்து. அறுபத்தொன்றாம் பக்கத்தில் தேதியும் இடமும் 'ஆரம்பம் 200' என்பதும் மட்டும் அவன் கையால். படகில் இருக்கும்போதே எழுதியிருக்கிறான், அவசரக்காரன்.

"எழுதுங்க," என்று பேனாவை நீட்டினாள். "கூட போனது நீங்கதான?"

ஆழம் பதினான்கு என்று எழுதினேன். இறங்கிய நேரம் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். அவள் வாங்கி, வேலையில் செய்வதுபோல் விரலை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தாள்.

"ஏறின நேரம்?"

"நான்தான் தூக்கிக்கிட்டு வந்தேன்."

"அப்போ அவரு ஏறல," என்றாள். அந்தக் கட்டத்தில் அவளே ஒரு கோடு போட்டாள். மிச்சத்தை அவள் சொல்லச் சொல்ல, பக்கத்தின் அடியில் நான் எழுதினேன்.

ஆரம்பம் 200.
அவன் மூச்சு 90.
சோதனைக்கு 2.
கடலில் விட்டது 108.
மிச்சம் 0.

இறங்கியது 61 முறை. ஏறியது 60.